பூட் பென் டிரைவ் தயாரிப்பது: உங்களுக்குக் கைகொடுத்த முறை எது?

காரிமங்கலத்திலிருந்து

பாலக்கோட்டில் அக்கா வீட்டில் ஒரு விலையில்லா மடிக்கணினி இருக்கிறது. அக்கா மகள்களில் மூத்தவள் பிளஸ் டூ படித்த 2013-ல் கிடைத்தது. விண்டோஸ் 7, போஸ் லினக்ஸ் இரண்டும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்ததை, இளையவள் கல்லூரியில் சேர்ந்ததும் தூசு தட்டி எடுத்தார்கள். "மாமா, பாடக் குறிப்பு தட்டச்சு செய்ய முடிந்தால் போதும்" என்றாள். 2 ஜிபி ரேம்தான். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் அதில் ஓடும், அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு இன்னும் இலகுவாக இருக்கும் என்பதால் அதையே போட முடிவு செய்தேன்.

கணினியை பென் டிரைவிலிருந்தே எழுப்பி இயங்குதளத்தை நிறுவ வேண்டும். அதற்கான பென் டிரைவை என் லேப்டாப்பில் ரூஃபஸ் என்ற மென்பொருள் வைத்துத் தயார் செய்துகொண்டு பஸ் ஏறினேன். அங்கே போய்ச் செருகி, பூட் பட்டியலைத் திறந்தால் பென் டிரைவின் பெயர் தெரிகிறது. தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரையில் இடது மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மினுக்கிக்கொண்டே நிற்கிறது. வேறு துளையில் செருகினேன். மறுபடியும் அதே கோடு. மூன்றாவது முறை அவள் மெல்ல, "லேப்டாப் போய்விட்டதா மாமா?" என்று கேட்டாள். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. என் சொந்த லேப்டாப்புக்கு ரூஃபஸில் எப்போதும் ஜி.பி.டி. என்ற வட்டு அமைப்பைத் தேர்வு செய்வேன். கைப்பழக்கத்தில் இதற்கும் அதையே வைத்திருந்தேன். கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய முறையான யு.இ.எஃப்.ஐ.-யில் எழும் இயந்திரங்களுக்கு அது சரி. அக்கா வீட்டு லேப்டாப்போ பழைய பயாஸ் முறையில் எழுவது. பயாஸ் முறையில் மின்ட்டை எழுப்பும் தொடக்க நிரல் அந்த பென் டிரைவில் இல்லவே இல்லை. எஃப்2 அழுத்தி அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அங்கே யு.இ.எஃப்.ஐ. என்ற சொல்லே இல்லை.

அக்கா வீட்டு லேப்டாப்பிலேயே மாற்றி எழுதிவிடலாம் என்றால், ரூஃபஸ் 4 விண்டோஸ் 7-ல் திறக்காது. அதற்குக் கடைசியாக வந்தது 3.22 பதிப்பு. அன்று கையில் அது இல்லை. வீட்டுக்குத் திரும்பி, எம்.பி.ஆர். என்ற பழைய வட்டு அமைப்புக்கு மாற்றி, 'பயாஸ் அல்லது யு.இ.எஃப்.ஐ.' என்று வருவதை உறுதி செய்துகொண்டு எழுதினேன். அடுத்த ஞாயிறு செருகியதும் மின்ட்டின் பச்சைச் சின்னம் வந்தது.

எந்த மென்பொருள் சிறந்தது என்றே எல்லோரும் கேட்கிறோம். போகிற இயந்திரம் எப்படி எழுகிறது என்பதை நான் முதலில் கேட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். விண்டோஸ் 10 இருக்கும் இயந்திரமானால் தேடல் பெட்டியில் எம்.எஸ்.இன்ஃபோ32 (msinfo32) என்று தட்டினால் போதும். பயாஸ் மோட் என்ற வரியில் லெகஸி (அதாவது பழைய பயாஸ்) என்றோ யு.இ.எஃப்.ஐ. என்றோ அதுவே சொல்லிவிடும். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஓசூரிலிருந்து

அண்ணா, நான் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்த பிறகு வாரத்துக்கு நான்கைந்து பேராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவருக்கு விண்டோஸ் 11, இன்னொருவருக்கு மின்ட், மற்றொருவருக்கு ரேம் சோதனை மட்டும். ஒவ்வொன்றுக்கும் பென் டிரைவை அழித்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் வென்டாய் என்ற மென்பொருளுக்கு மாறினேன். பென் டிரைவில் ஒரு முறை அதை நிறுவிவிட்டால் போதும், பிறகு ஐ.எஸ்.ஓ. எனப்படும் நிறுவல் கோப்புகளை அப்படியே நகலெடுத்துப் போடலாம். பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் பாதுகாப்பு) இயங்கும் லேப்டாப்பில் முதல் முறை ஒரு நீலத் திரை வந்து சாவியைப் பதியச் சொல்லும். பயப்பட வேண்டாம்.

என்னை அலைக்கழித்தது பென் டிரைவ்தான். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் 64 ஜிபி என்று அச்சிட்ட ஒன்றை மலிவாக வாங்கினேன். முதலில் போட்ட மின்ட் நன்றாக எழுந்தது. மூன்றாவதாகப் போட்ட விண்டோஸ் பாதி நிறுவலில் கோப்பு இல்லை என்று நின்றது. ஐ.எஸ்.ஓ.வை இரண்டு முறை புதிதாக இறக்கினேன், லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன், உரிமையாளரிடம் மாற்ற வேண்டியிருக்கும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். கடைசியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் வைத்துச் சோதித்தால் உண்மையில் இருந்தது 8 ஜிபிக்கும் குறைவு. அதற்கு மேல் எழுதுவதை வாங்கிக்கொள்வதுபோல் காட்டிவிட்டுத் தொலைத்துவிடும். அந்த உரிமையாளரைத் திரும்ப அழைத்து மன்னிப்புக் கேட்டேன். இப்போது எந்தப் புது பென் டிரைவையும் சோதிக்காமல் வேலைக்கு எடுப்பதில்லை. லினக்ஸில் இருப்பவர்களுக்கு அதே வேலைக்கு எஃப்3 இருக்கிறது.

இன்னொன்று, விண்டோஸ் 11 கோப்புகளைக் கையால் ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் நகலெடுக்கப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் இன்ஸ்டால்.விம் என்ற கோப்பு பெரும்பாலும் 4 ஜிபியைத் தாண்டியிருக்கும், ஃபேட்32 அதை ஏற்காது.

ஊத்தங்கரையிலிருந்து

தம்பிகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பத்தாண்டுகளாக உபுண்டு லினக்ஸ்தான். பென் டிரைவ் எழுத அதனோடு வரும் டி.டி. கட்டளையையே நம்பியிருந்தேன். ஒரே வரி, தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

ஒரு நாள் மாலை பேரனுக்காக ஒன்று எழுத உட்கார்ந்தேன். முந்தைய நாள் கொடுத்த கட்டளை நினைவில் இருக்குமே என்று மேல் அம்புக்குறியை அழுத்தினேன். அதே வரி வந்தது, என்டரைத் தட்டினேன். டிரைவ்களுக்கு லினக்ஸ் பொதுவாகச் செருகும் வரிசையில் பெயர் வைக்கும். முந்தைய நாள் பென் டிரைவுக்கு எஸ்.டி.பி. என்ற பெயர் கிடைத்திருந்தது. அன்று பென் டிரைவுக்கு முன்னால் வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியிருந்தேன். அந்தப் பெயர் அதற்குப் போய், பென் டிரைவ் எஸ்.டி.சி. ஆகிவிட்டது. பென் டிரைவில் விளக்கு எரியவில்லையே என்று கவனித்தபோது ஹார்டு டிஸ்க்கின் விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்குவதற்குள் ஒரு ஜிபிக்கு மேல் எழுதிவிட்டது. அதில் என் மனைவியின் படங்கள் இருந்தன. அவள் இப்போது இல்லை.

ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் வைத்துப் பாதிக்கு மேல் மீட்டேன். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் போய், வெறும் எண்களாக வந்தன. எது எந்த ஆண்டு என்று இன்னமும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

டி.டி. கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்மிடம் எதையும் திருப்பிக் கேட்காத கருவி அது. இப்போது எட்சர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். எந்த டிரைவ், எத்தனை ஜிபி என்று காட்டித்தான் எழுதுகிறது. எழுதி முடித்த பிறகு சரிபார்க்கவும் செய்கிறது. அப்படியும், வெளி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் தொடங்குகிறேன். வீட்டில் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ரூஃபஸையே சொல்வேன். வெளி ஹார்டு டிஸ்க்குகளை நாமாகக் கேட்டாலொழிய அது பட்டியலில் காட்டாது.

காரிமங்கலத்திலிருந்து

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு எழுந்து என் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்தேன். அந்தப் படங்கள் எல்லாம் பெயரோடு உங்களிடம் திரும்ப வேண்டும்.

ஓசூர்த் தம்பி கோப்பைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை இறக்கியதாகச் சொன்னார். அந்தச் சந்தேகத்தை இறக்காமலே தீர்த்துக்கொள்ளலாம். விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையில் கோப்பின் எஸ்.ஹெச்.ஏ.256 என்ற சரிபார்ப்புக் குறியீட்டைக் கேட்டால் 64 எழுத்துகள் வரும். மின்ட் தளத்தில் கொடுத்திருப்பதோடு அவை ஒத்துப்போனால் கோப்பு சரி. இரண்டாவது முறை எழுதுவதற்கு முன் நான் போனில் வாசிக்க, அக்கா மகள் தளத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக "ஆமாம்" சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவளுடைய தோழிக்கும் இப்போது மின்ட் வேண்டுமாம். நேற்று அவளாகவே தோழியிடம் பயாஸ் மோட் வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டு எனக்கு அனுப்பியிருந்தாள். யு.இ.எஃப்.ஐ. என்று இருந்தது. அவளிடம் இருக்கும் அதே பென் டிரைவ் இரண்டுக்கும் எழும், மாற்றி எழுத வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.