புதுப்பிப்பு: ‘அவன்’ யார் என்ற குழப்பம் தீர்ந்தது

கொழும்பு வெள்ளவத்தையில் நான் கற்பிக்கும் தரம் 7 பிள்ளைகளின் கட்டுரைகளில் ‘அவன்’ யாரைச் சுட்டுகிறது என்றே தெரியவில்லை எனப் போன மாதம் கேட்டிருந்தேன். வழிசொன்ன எல்லோருக்கும் நன்றி.

‘அவன்’ போன்ற சுட்டுப்பெயர்களின் அட்டவணையை மனனம் செய்வித்ததில் இரண்டு பாடவேளை வீண். பலன் தந்தது, சுட்டுப்பெயரிலிருந்து அது குறிக்கும் பெயருக்கு நிறப் பென்சிலால் அம்பு வரையும் யோசனைதான். “கண்ணன் ரவியிடம் அவனுடைய சைக்கிளைக் கொடுத்தான்” என்று எழுதினேன். பாதி வகுப்பு கண்ணனுக்கு அம்பு போட்டது, மீதி ரவிக்கு. சண்டையே வந்துவிட்டது, அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை! ‘தன்னுடைய’ என்று மாற்றியதும் அம்புகள் எல்லாம் எழுவாயான கண்ணனிடம் போயின.

எதிர்பாராதது: “ஆங்கிலத்தில் ‘அவனுடைய’, ‘தன்னுடைய’ இரண்டுக்கும் ‘ஹிஸ்’தானே, டீச்சர்?” என்றாள் ஒருத்தி. குழப்பம் வருமிடத்தில் பெயரையே திரும்ப எழுது என்றேன்.