மோட்டார் போட்டா ஜெனரேட்டர் ஏன் முக்குது? மாடியில கரண்ட் எடுக்க காத்தாடி வச்சா சரிவருமா?

ரங்கூன்_கடை:
எல்லாருக்கும் வணக்கம். இங்க ரங்கூன்ல கரண்ட் வர்ற லட்சணம் உங்களுக்கே தெரியும், கடைக்கு 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வச்சிருக்கேன், லைட்டு ஃபேன் ஃப்ரிட்ஜ் வரைக்கும் ஒண்ணும் பிரச்சன இல்ல, ஆனா 1 எச்பி தண்ணி மோட்டார் சுவிட்ச போட்ட உடனே இன்ஜின் சத்தம் அப்படியே அமுங்கி முக்குது, லைட்டெல்லாம் மங்கிட்டு அப்புறம்தான் பழையபடி வருது. எப்பவும் ஒரே வேகத்துலதானே சுத்துது, லோடு கூடினா இன்ஜின் ஏன் திணறணும்? இன்னொண்ணு, பெட்ரோல் விக்கிற வெலைக்கு மாடியில சின்ன காத்தாடி ஒண்ணு மாட்டிடலாமா?

மோல்மேன்_வயர்மேன்:
அண்ணே, உள்ள இருக்கற ரோட்டார் ஒரு மின்காந்தம், அதச் சுத்தி அசையாம நிக்கிற ஸ்டேட்டர்ல செம்புக் கம்பி காயில். காந்தம் சுத்தச் சுத்த காயில்ல வோல்டேஜ் பொறக்குது, 1831ல ஃபாரடே கண்டுபிடிச்சது இதான். லோடு இல்லாதப்ப வோல்டேஜ் மட்டும்தான் இருக்கும், காயில்ல கரண்ட் ஓடாது, ரோட்டாரும் லேசா சுத்தும். லோடு போட்டீங்கன்னா காயில்ல ஓடுற கரண்ட்டே ஒரு காந்தமாகி ரோட்டார எதுத்து இழுக்கும், அந்த இழுப்புக்கு ஈடு குடுக்கத்தான் இன்ஜின் கூடுதலா பெட்ரோல் எரிக்குது. பழைய சைக்கிள் டைனமோ இருந்தா டயர்ல சாய்ச்சு பல்போட ஓட்டிப் பாருங்க, வயர கழட்டிட்டும் ஓட்டிப் பாருங்க, கால்லயே வித்தியாசம் தெரியும்.

தண்ணி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது, ஓடும்போது எடுக்கறதவிட 5, 6 மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் 3000 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தினாத்தான் 50 ஹெர்ட்ஸ் கெடைக்கும், அந்த இழுப்புல வேகம் சட்டுனு எறங்குது, இன்ஜின் வேகத்த சரியா வச்சுக்கற கவர்னர்ங்கற பாகம் பெட்ரோல தொறந்துவிட்டு பழைய வேகத்துக்கு கொண்டுவர்ற வரைக்கும் லைட்டு மங்கலாத்தான் எரியும். ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணிட்டு முதல்ல மோட்டார போடுங்க, அது ஓடி நிதானமானப்புறம் மத்தத போடுங்க.

பெகு_வாத்தியார்:
காத்தாடி விஷயத்துக்கு நான் சொல்றேன். ஜெனரேட்டர் தத்துவம் அதேதான், தள்ளுற ஆளு மட்டும் வேற, லோப்பித்தா நீர்மின் நிலையத்துல தண்ணி தள்ளுது, காத்தாடியில காத்து தள்ளுது. ஆனா காத்து வேகம் ரெண்டு மடங்கானா சக்தி எட்டு மடங்காகும், பாதியானா எட்டுல ஒண்ணு ஆயிடும், அதான் இதுல இருக்கற சிக்கலே. 2 மீட்டர் குறுக்களவு காத்தாடிக்கு செகண்டுக்கு 6 மீட்டர் காத்து அடிச்சா 120 வாட்ஸ் மாதிரி வரும். அதே காத்து 3 மீட்டரா கொறஞ்சா 15 வாட்ஸ்தான், ஒரு எல்இடி பல்பு எரியும், அவ்வளவுதான். காத்துல இருக்கறத முழுசா எடுக்கவும் முடியாது, எவ்வளவு நல்ல மிஷினா இருந்தாலும் 59 சதவீதத்துக்கு மேல தாண்டாது. நாகர்கோவில் பக்கம் முப்பந்தல்ல கணவாய் வழியா காத்து பிச்சிக்கிட்டு வருது, அதனால அங்க அத்தன காத்தாடி. நம்ம டவுன் மாடியில சுத்தி கட்டடம், காத்து சுழிச்சு சுழிச்சுத்தான் வரும், காத்தாடியோட எறக்க ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம்னு திரும்பிக்கிட்டே கெடக்கும்.

ரங்கூன்_கடை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். அப்ப அந்தக் காசுக்கு சோலார் தகடு போடலாமா வாத்தியாரே?

பெகு_வாத்தியார்:
தாராளமா போடுங்க, லைட்டு ஃபேனுக்கு பேட்டரியோட அதுவே போதும். மோட்டாருக்கு ஜெனரேட்டர் இருக்கட்டும். ஆனா அத கடைக்குள்ளயோ மாடிப்படிக்கு அடியிலயோ வச்சு ஓட்டாதீங்க, புகையில இருக்கற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கெடையாது, தூங்குறவங்க எந்திரிக்கவே மாட்டாங்க. வெளிய, ஜன்னலுக்கு தள்ளி வைங்க.