பெட்ரோல் முள் ஃபுல்லிலேயே நிற்கிறது: மோரிஸ் மைனரும் மற்ற பழைய வண்டிகளும்

மைனர்வாசி

1967 மோரிஸ் மைனர் 1000. சாவி போட்டால் பெட்ரோல் முள் மெதுவாக ஏறி, ஃபுல்லைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொள்கிறது. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தால் பாதிதான் இருக்கிறது. கேட்கிற இடத்தில் எல்லாம் "டேங்க் யூனிட்டை மாத்திடுங்க" என்கிறார்கள் (டேங்குக்குள் மிதவை ஏறி இறங்குவதற்கு ஏற்ப மின்தடையை மாற்றி மீட்டருக்கு அளவு சொல்லும் கருவி). விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வாங்குவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்? இதே கோளாறைக் கண்டவர்கள் எழுதுங்கள்.

வயரிங் மேசை

யூனிட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள் சார். "மெதுவாக ஏறி" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அங்கேயே இருக்கிறது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இரண்டு வகை மீட்டர் உண்டு. 1960-களின் நடுப்பகுதி வரை வந்தவற்றில் இரண்டு காயில்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சாவி போட்ட உடனே முள் குதிக்கும், குழியில் இறங்கினால் ஆடும். அதற்குப் பிறகு வந்தது பைமெட்டல் மீட்டர். உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் கம்பி இரட்டை உலோகப் பட்டையைச் சூடாக்கி வளைக்கும், அந்த வளைவுதான் முள்ளைத் தள்ளும். அதனால் அரை நிமிடம்போல எடுத்துக்கொண்டு நிதானமாக ஏறும். உங்களுடையது இரண்டாவது வகை.

இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதித்தால் எல்லாம் தலைகீழாகப் போகும். பைமெட்டலில் டேங்க் கம்பியைக் கழற்றினால் முள் எம்ப்டிக்கு வர வேண்டும், பாடியில் தொட்டால் ஃபுல்லுக்குப் போக வேண்டும். இரட்டைக் காயிலில் நேர் எதிர்: கழற்றினால் ஃபுல், பாடியில் தொட்டால் எம்ப்டி. இணையத்தில் ஒருவர் ஒன்று சொல்ல இன்னொருவர் மறுத்துச் சண்டை போடுவதற்கு இதுதான் காரணம். இரண்டு பேரும் சரி, மீட்டர்தான் வேறு.

முதல் வேலை: டேங்க் யூனிட்டில் இருந்து பச்சையில் கறுப்புக் கோடு போட்ட கம்பியைக் கழற்றி, எதிலும் படாமல் டேப் சுற்றிவிட்டுச் சாவி போடுங்கள். முள் அப்போதும் ஃபுல்லுக்கே ஏறினால், டேங்குக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே அந்தக் கம்பி எங்கோ உரசி பாடியில் தொடுகிறது. பெரும்பாலும் கார்ப்பெட்டுக்கு அடியில், அல்லது தகரத்தில் துளை வழியாக நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் போய்விட்டிருக்கும். முள் இறங்கிவிட்டால் கம்பி நல்ல கம்பி.

கம்பியைப் பாடியில் தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு: முள் ஃபுல்லை எட்டியதும் எடுத்துவிடுங்கள். வைத்துக்கொண்டே இருந்தால் ஹீட்டர் கம்பி கருகும். டேங்க் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்யவே கூடாது.

மைனர்வாசி

கழற்றிப் பார்த்தாயிற்று. முள் எம்ப்டிக்கு வந்து நின்றுவிட்டது. அப்படியென்றால் யூனிட்தானே?

கோவை டூல்பாக்ஸ்

இன்னும் இல்லை. ஸ்டெபிலைசர் பாக்கி இருக்கிறது.

பைமெட்டல் மீட்டருக்கு நேராக 12 வோல்ட் போகாது. வண்டி ஓடும்போது 14 வரை ஏறும், நின்றால் 12-க்கு இறங்கும், முள்ளும் கூடவே ஏறி இறங்கும் அல்லவா? அதற்காக டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்ன ஒரு தகர டப்பா இருக்கும், அதுதான் ஸ்டெபிலைசர். B என்ற முனையில் பச்சைக் கம்பி உள்ளே வரும், I என்ற முனையில் வெளிர்பச்சையில் பச்சைக் கோடு போட்ட கம்பி மீட்டருக்குப் போகும். உள்ளே இருப்பதும் ஒரு பைமெட்டல் பட்டைதான். சூடானால் கான்டாக்ட் விலகும், ஆறினால் சேரும். இப்படி விட்டு விட்டுக் கொடுப்பதன் சராசரி 10 வோல்ட்.

அந்தப் பட்டையைச் சூடாக்கும் காயிலுக்கு எர்த், அதாவது பாடியோடு தொடர்பு, எங்கிருந்து கிடைக்கிறது? டப்பாவைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூவில் இருந்து. ஸ்க்ரூவுக்கு அடியில் துரு ஏறினால், அல்லது பெயின்ட் அடித்தவர் அதன்மேலேயே அடித்துவிட்டால், காயில் சூடாகாது, கான்டாக்ட் விலகவே விலகாது. 12-ம் 14-ம் அப்படியே மீட்டருக்குப் போகும். சூடு வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் 10-க்குப் பதில் 14 போனால் ஏறத்தாழ இரண்டு மடங்கு சூடு. பாதி டேங்க் ஃபுல் என்று காட்டுவதற்கு இது போதும். டெம்பரேச்சர் மீட்டரும் உள்ள வண்டியென்றால் இரண்டு முள்ளும் சேர்ந்தே கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ரேடியேட்டரைக் கழற்றிய ஆட்களும் உண்டு.

சோதிக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் உதவாது, எண் 0-க்கும் 12-க்கும் ஓடிக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டு பல்பு ஒன்றை I முனைக்கும் பாடிக்கும் நடுவே கட்டுங்கள். சாவி போட்டதும் சில விநாடி நின்று எரியும், பிறகு மின்னி மின்னி எரிய வேண்டும். நிற்காமல் எரிந்தால் எர்த் இல்லை, அல்லது கான்டாக்ட் ஒட்டிவிட்டது. எரியவே இல்லை என்றால் B-க்குக் கரண்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் எரியவில்லை என்றால் டப்பா காலி.

மைனர்வாசி

பல்பு நிற்காமல் எரிந்தது. டப்பாவில் இருந்து பாடிக்குத் தனியாக ஒரு கம்பி இழுத்ததும் மின்ன ஆரம்பித்தது, முள்ளும் பாதிக்கு வந்துவிட்டது. ஸ்க்ரூவைக் கழற்றினால் அடியில் பழுப்புப் பொடி. இருந்தாலும் 50 வருஷத்துக்கு மேலான டப்பா. எலக்ட்ரானிக் ஐசி போட்டுவிடலாமா?

கோவை டூல்பாக்ஸ்

போடலாம். 10 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் 7810 ஐசி, உள்ளே வரும் காலில் 0.33 மைக்ரோஃபாரட், வெளியே போகும் காலில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். எழுத்து நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக இன், எர்த், அவுட். முதுகுத் தகடும் எர்த் என்பதால் பழைய டப்பாவின் அடித்தகட்டில் நேராக முடுக்கினால் சூடும் இறங்கிவிடும்.

வயரிங் மேசை

ஒரு நிமிஷம். மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி! யாராவது ஏற்கெனவே மாற்றியிருந்தால் ஒழிய பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் இருக்கும். அதில் 7810-ஐ முடுக்கினால் சாவி போட்ட கணமே புகை. மைனஸ் வோல்ட்டுக்கான 7910 வேண்டும். அதன் முதுகுத் தகடு எர்த் அல்ல, இன்புட். தகரத்தில் நேராகப் பட்டால் ஷார்ட். அடியில் மைக்கா ஷீட், ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ், இரண்டும் கட்டாயம். கால்களின் வரிசையும் வேறு: எர்த், இன், அவுட். பழைய தகர டப்பாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, பிளஸ் மைனஸ் எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். அது மின்னுகிறவரை மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி.

யாழ் ஏ40

இஞ்ச ஒஸ்ரின் ஏ40-களிலும் மைனர்களிலும் கனக்கக் காணுறது வேற பிரச்சினை. யுத்த காலத்தில மண்ணெண்ணெயில ஓடின கார்கள், பிறகு வருஷக்கணக்கா நிண்ட கார்கள். ராங்குக்குள்ள பிசின் மாதிரிப் படிஞ்சு மிதவைக் கை இறுகிப்போகும். முள் ஒரே இடத்தில நிக்கும், எவ்வளவு பெற்றோல் அடிச்சாலும் அசையாது.

கழற்றுறதுக்கு முதல் பற்றறியைக் கழற்றுங்கோ. ராங்கில பெற்றோல் குறைவா இருக்கவேணும், வேலை வெளியில காத்தோட்டமா நடக்கவேணும். யூனிற் சிலதில ஸ்குரூவில நிக்கும், சிலதில வளையத்தில. வளையத்தை இரும்பு உளியால தட்டாதேங்கோ, பொறி பறக்கும். பித்தளைத் துண்டு பாவியுங்கோ. தக்கை வாஷரைத் திருப்பிப் போடுறதில பிரயோசனமில்லை, புதுசு வாங்குங்கோ.

வெளியில எடுத்தாப்பிறகு ஓம் மீற்றரைப் போட்டு, கையைக் கீழ இருந்து மேல மெதுவா உயர்த்துங்கோ. இதுக்கு முள் மீற்றர்தான் நல்லது. பைமெற்றல் வகைக்கு அடியில ஏறத்தாழ 240 ஓம், மேல 20-ஐ ஒட்டி வரும். பழைய காயில் வகைக்கு அடியில 0, மேல 70 அளவில. இடையில ஒரு இடத்தில முள் துள்ளினால் சுத்துக் கம்பி அங்க தேஞ்சுபோச்சு. பாதி ராங்கில மட்டும் முள் விழுந்து எழும்புற கார்களுக்கு இதுதான் வருத்தம். உப்புத்தாள் போடாதேங்கோ, மிச்சக் கம்பியும் அறுந்திடும். கொன்ராக்ற் கிளீனர் அடிச்சு, கையின்ர நாக்கை ஒரு மயிரிழை வளைச்சு அழுத்தம் கூட்டலாம்.

காயில் மீற்றருக்குப் பைமெற்றல் யூனிற்றை மாறிப் போட்டால் வெறும் ராங்குக்கு ஃபுல் காட்டும். யூனிற் வாங்கேக்க ஓம் மீற்றர் கையில இருக்கவேணும்.

டீசல் மணி

யூனிட்டைக் கழற்றாமலே மீட்டரைச் சோதிக்க வழி உண்டு. அரை வாட் ரெசிஸ்டர் மூன்று: 22, 68, 220 ஓம். டேங்க் கம்பிக்கும் பாடிக்கும் நடுவே ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் பைமெட்டல் முள் ஃபுல், பாதி, எம்ப்டி மூன்றையும் ஒட்டி நிற்கும். நின்றால் மீட்டரும் ஸ்டெபிலைசரும் சரி, மிச்சம் டேங்கில் இருக்கிறது. மூன்று ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரு டீ காசு.

சத்தம்போடும்பம்ப்

E20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு தக்கை மிதவைகளைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். தக்கை பெட்ரோலை உறிஞ்சாமல் இருக்க அந்தக் காலத்தில் அரக்கு வார்னிஷ் பூசினார்கள். பெட்ரோல் அரக்கை ஒன்றும் செய்யாது, எத்தனால் கரைத்துவிடும். பூச்சு போனால் தக்கை ஊறிக் கனத்து மூழ்கும், டேங்க் நிறைந்திருந்தாலும் முள் கீழே கிடக்கும். கரைந்த பிசுக்கு ஃபில்டரை அடைப்பது தனிக் கூத்து.

பித்தளை மிதவையென்றால் காதோரம் குலுக்குங்கள், உள்ளே சளக் சளக் என்றால் ஓட்டை. அடுப்பை அணைத்துவிட்டு இறக்கிய சுடுநீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். பெட்ரோல் ஆவி உள்ளே இருக்கும்போது சால்டர் வைக்காதீர்கள், வெடிக்கும். புது மிதவை மலிவு.

ஸ்டெப்னி

லோ ஃபியூல் விளக்கு உள்ள ஜப்பானிய வழி வண்டிகளுக்கு ஒரு குறுக்குச் சோதனை. பலவற்றில் அந்த விளக்கை ஏற்றுவது மிதவை அல்ல, அடியில் இருக்கும் தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சின்னப் பாகம்). பெட்ரோலில் முழுகியிருக்கும்வரை குளிர்ந்திருக்கும், வெளியே தெரிந்ததும் தானாகச் சூடாகி விளக்கை எரியவிடும். முள் கால் டேங்க் காட்டும்போது விளக்கு எரிந்தால் விளக்கை நம்பிப் பெட்ரோல் போடுங்கள், மிதவைதான் எங்கோ சிக்கியிருக்கிறது.

மைனர்வாசி

டப்பாவையே வைத்துக்கொள்கிறேன், ஸ்க்ரூ இடத்தைச் சுரண்டித் தனி எர்த் கம்பியும் போட்டாயிற்று. இப்போது எம்ப்டியில் முள் தொட்டபோது குச்சியில் இன்னும் நாலைந்து லிட்டர் தெரிகிறது. இது சரிதானா?

வயரிங் மேசை

அது இருக்கட்டும், ரிசர்வ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் டேங்கைக் காலி செய்து, சமதரையில் நிறுத்தி, ஐந்தைந்து லிட்டராக அளந்து ஊற்றுங்கள். மைனர் டேங்க் ஆறரை கேலன், ஏறத்தாழ 29 லிட்டர், ஆறு தடவையில் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தையும் மரக்குச்சியில் ஈரம் ஏறிய உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முள் எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைத்துக் காட்டினால் மட்டும் மிதவைக் கையை லேசாக வளைக்கலாம். மேலே சரியாக இருந்து கீழே மட்டும் தப்பென்றால் வளைக்காதீர்கள், மேலே கெட்டுவிடும்.

சத்தம்போடும்பம்ப்

அதுவரைக்கும் பானெட்டுக்குள் இருக்கும் எஸ்யூ பம்ப்பை (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் மின் பம்ப்) கவனியுங்கள். வண்டி நிற்கும்போது எப்போதோ ஒரு டக். விடாமல் டக்டக்டக் என்று அடித்தால் அது காற்றை இழுக்கிறது, முள் என்ன காட்டினாலும் சரி, ஓரம் கட்டிவிடுங்கள்.