பெரிய வீடு, காவேரிப்பட்டினம் (குடும்பக் குழு)

ஜூன் 26, இரவு 8:05

போச்சம்பள்ளி சித்தி: இன்று தம்பி பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து போதைப்பொருள் பற்றிப் பேசினார்கள். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். வந்த அப்பாக்கள் மூன்றே பேர்.

பெரியப்பா: மாங்காய் சீசனில் மண்டியை விட்டுவிட்டு எவன் வருவான்? வருஷா வருஷம் இந்தப் போதை ஒழிப்பு நாளில் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பதுதானே.

போச்சம்பள்ளி சித்தி: அது கடைசி ஐந்து நிமிஷம்தான் மாமா. மீதி நேரமெல்லாம் அந்த இன்ஸ்பெக்டர் அம்மா எங்களைத்தான் கேள்வி கேட்டார். "பிள்ளை வந்து சொன்னால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்றார். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை.

ஓசூர் மாமா: அறிகுறி ஏதாவது சொன்னார்களா?

போச்சம்பள்ளி சித்தி: கண் சிவப்பது, காசு காணாமல் போவது, கூட்டாளிகள் மாறுவது, கதவைச் சாத்திக்கொள்வது. பத்தாவது படிக்கிற எல்லாப் பையன்களுக்கும் பொருந்தும் போல இருந்தது அண்ணா.

ஓசூர் மாமா: இங்கே ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் குட்கா மூட்டை பிடித்த செய்தி வராத மாதமே இல்லை. தமிழ்நாட்டில் 2013-லேயே தடை. காய்கறிக்கு அடியில் வைத்து வருகிறது.

நான்: நான் வேலை செய்யும் தர்மபுரி மருந்துக் கடைக்குச் சின்னப் பையன்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கேட்டு வருகிறார்கள் மாமா, போதைக்குத்தான். வலி யாருக்கு என்று கேட்டால் போய்விடுவார்கள்.

தம்பி: எங்கள் வகுப்பில் ஒருத்தன் கஞ்சா பிடிக்கிறான். பேர் சொல்ல மாட்டேன்.

பெரியப்பா: யாருடா அவன்? இனி அவன் பக்கமே போகாதே. நாளைக்கே ஹெட்மாஸ்டரிடம் சொல்லி டி.சி. கொடுக்கச் சொல்கிறேன்.

தம்பி: இதனால்தான் யாரும் வீட்டில் சொல்வதில்லை பெரியப்பா.

(பத்து நிமிஷம் யாரும் எதுவும் போடவில்லை.)

ஓசூர் மாமா: கொஞ்சம்தானே வைத்திருப்பான், பிடித்தால் எச்சரித்து விட்டுவிட மாட்டார்களா?

நான்: இல்லை மாமா. 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா ஒரு கிலோவுக்குள் இருந்தாலும் ஓராண்டு வரை சிறை, இல்லை 10,000 ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழகிப்போனவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்காக வழக்கு நடத்த மாட்டார்கள். பாதியில் விட்டால் அந்தச் சலுகை போய்விடும். விற்றவனுக்குக் கிடையவே கிடையாது.

போச்சம்பள்ளி சித்தி: அந்த இன்ஸ்பெக்டர் அம்மாவும் இதைத்தான் சொன்னார். விற்பவனைப் பற்றிச் சொல்ல 10581, பேர் வெளியே வராதாம். சிகிச்சைக்கு 14446. இரண்டுமே இலவசம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குக் கொடுத்தவனுக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்றார். கஞ்சா, சாராயம் மட்டுமில்லை, புகையிலை கொடுத்தாலும் அதே தண்டனைதான்.

தம்பி: புகையிலைக்குமா?

தம்பி: பெரியப்பா, வெற்றிலைக்கு என்று என்னைத்தானே கடைக்கு அனுப்பி வாங்கி வரச் சொல்வீர்கள்.

ஓசூர் மாமா: மச்சான் மாட்டிக்கொண்டார்!

நான்: பதினெட்டு ஆகாதவனுக்குக் கடைக்காரர் விற்கவே கூடாது பெரியப்பா. பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது.

பெரியப்பா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்.

போச்சம்பள்ளி சித்தி: தம்பி இப்போது என்னிடம் பேர் சொல்லிவிட்டான். இங்கே போட மாட்டேன், யாரும் கேட்கவும் வேண்டாம். அவன் அம்மாவை எனக்குப் பழக்கம். நாளை மாலை தனியாகப் போய்ப் பேசுகிறேன். எங்கே கூட்டிப் போகச் சொல்வது?

நான்: போலுப்பள்ளி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சித்தி, மனநலப் பிரிவு. ஓ.பி. சீட்டு காலையிலேயே போட வேண்டும். எது நடந்தாலும் முதல் நாளே பையனை அடிக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

பெரியப்பா: அவர்களிடம் வண்டி இருக்கிறதா?

போச்சம்பள்ளி சித்தி: இல்லை மாமா. பஸ்தான்.

பெரியப்பா: திங்கட்கிழமை மண்டி லோடு பத்து மணிக்குத்தான். ஏழுக்குக் கிளம்பச் சொல், நான் கொண்டுபோய் விடுகிறேன். யார், என்ன என்று கேட்க மாட்டேன்.

தம்பி: வெற்றிலை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் பெரியப்பா.