காபா (GABA) பற்றிய ஒரு மாணவியின் கேள்விக்கு விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். நியூரான்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான காபா, முதிர்ந்த மூளையில் அவற்றை அடக்குகிறது. அதே காபா, பிறந்து சில நாட்களேயான எலிக்குட்டியின் ஹிப்போகாம்பஸில் (நினைவாற்றலுக்கு உதவும் மூளைப் பகுதியில்) நியூரான்களைத் தூண்டுவதை நரம்பியல் ஆய்வாளர் பென்-ஆரியின் குழுவினர் 1989-இல் காட்டினர். இளம் நியூரானுக்குள் என்கேசிசி1 (NKCC1) என்ற கடத்திப் புரதம் குளோரைடைச் சேர்த்து வைப்பதால், காபா ஏற்பி திறந்ததும் எதிர்மின் அயனியான குளோரைடு வெளியே பாய்ந்து நியூரானைத் தூண்டுகிறது என்றும், பின்னர் கேசிசி2 (KCC2) என்ற மற்றொரு கடத்திப் புரதம் பெருகிக் குளோரைடை வெளியேற்றும்போது நிலைமை தலைகீழாகிறது என்றும் கரும்பலகையில் அம்புக்குறிகளை மாற்றிப் போட்டு விளக்கினேன்.

"அப்படியானால் குழந்தைக்கு வலிப்பு வராதா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். மிக நல்ல கேள்வி.

உயிருள்ள எலிக்குட்டியின் பெருமூளைப் புறணியில், தனி நியூரானின் மின்னழுத்தத்தை உயர்த்தும் காபாவே நியூரான் வலையமைப்பின் செயல்பாட்டை மட்டுப்படுத்துவதாகப் படித்தேன். திறந்த ஏற்பிகளால் சவ்வின் மின்தடை குறைந்து, மற்ற தூண்டல்கள் வலுவிழப்பது ஒரு காரணம். கேரட் தோட்டத்தில் கூடுதல் குழாய்களைத் திறந்தால் ஸ்பிரிங்க்ளரின் வேகம் தளர்வதை இதற்கு உவமையாகச் சொல்லலாமா? நரம்பியல் பயின்றவர்கள் இந்த உவமை எங்கே பிழைபடும் என்று சுட்டிக்காட்டி, இவ்வகை அடக்கத்தைக் குறிக்கப் பொருத்தமான தமிழ்ச் சொல்லையும் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும். திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.