ஆட்டோமேட்டிக் வண்டியின் இன்ஜினை மேனுவல் வண்டிக்கு ஏற்றுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

நட்டு கழண்டவன்:

வணக்கம். வண்டி 1.5 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல், முன்சக்கர டிரைவ், மேனுவல் கியர். இன்ஜின் அடியில் டக் டக்கென்று சத்தம். சூடானால் கூடுகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்னும் கூடுகிறது. இக்னிஷன் காயில்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், இரண்டாவதைப் பிடுங்கும்போது மட்டும் சத்தம் அடங்குகிறது. ஆயிலை இறக்கினால் செம்பு நிறத்தில் மினுமினுப்பு. இரண்டாவது சிலிண்டரின் ராடு பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்திலுள்ளது) போய்விட்டது என்பது என் கணிப்பு.

அதே இன்ஜின் கோடு உள்ள பழைய இன்ஜின் ஒன்று கைவசம் இருக்கிறது. ஆனால் ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து கழற்றியது. கியர்பாக்ஸ் இல்லாமல் மொட்டையாகக் கிடப்பதால் ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வழியில்லை.

1. இது என் மேனுவல் கியர்பாக்ஸோடு அப்படியே சேருமா?
2. ஸ்டார்ட் செய்யாமல் இன்ஜின் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
3. ஏற்றும் முன் கட்டாயம் மாற்ற வேண்டியவை எவை?
4. இத்தனை வேலை எதற்கு, வண்டியில் இப்போது இருக்கும் இன்ஜினுக்கு ராடு பேரிங் மட்டும் மாற்றினால் போதாதா?

ஃபீலர் கேஜ்:

நாலாவது கேள்விக்கு முதலில் பதில். காயிலைப் பிடுங்கினால் அந்த பிஸ்டன் மேல் வெடிப்பு இல்லை, ராடில் சுமை குறைகிறது, சத்தம் அடங்குகிறது. உங்கள் கணிப்பு சரிதான். செம்பு நிறம் தெரிகிறது என்றால் பேரிங்கின் மேல் பூச்சு தேய்ந்து அடி அடுக்கு வந்துவிட்டது. அந்த நிலையில் கிராங்க் ஜர்னலும் (பேரிங் உட்காரும் உருளைப் பகுதி) கீறாமல் இருக்காது. கேப்பைக் கழற்றி ஜர்னலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் வெறும் ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) மாற்றுவது வீண், கொஞ்ச தூரத்திலேயே திரும்பத் தட்டும். கிராங்க்கைக் கடைந்து 0.25 மி.மீ. அண்டர்சைஸ் ஷெல் போட வேண்டும். ராடின் பெரிய கண் முட்டை வடிவமாகியிருக்கிறதா என்றும் அளக்க வேண்டும். அதற்கு எப்படியும் இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இப்போது சேருமா என்ற கேள்வி. பிளாக் ஒன்றுதான், சிக்கலெல்லாம் பின்பக்கம்.

ஆட்டோமேட்டிக் இன்ஜினின் பின்னால் இருப்பது ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தகடு. அதைக் கழற்றிவிட்டு உங்கள் பழைய இன்ஜினின் ஃப்ளைவீலைப் போடுங்கள். போல்ட்டையும் மேனுவலுக்கு உரியதாகப் புதிதாக வாங்குங்கள். ஃப்ளெக்ஸ் பிளேட் போல்ட் பெரும்பாலும் குட்டை. அதை ஃப்ளைவீலுக்குப் போட்டால் சில மரைதான் பிடிக்கும், முறுக்கும்போது இறுகியது போலவே தெரியும். சில இன்ஜின்களில் இந்த போல்ட் துளைகள் கிராங்க்கேஸுக்குள் திறந்திருக்கும். அப்படியானால் மரையில் சீலன்ட் தடவ வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் கசிந்து கிளட்ச் பிளேட்டை நனைக்கும், நீங்கள் ஆயில் சீலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பிளாக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டு உள்ளீடற்ற டவல் பின்கள் உண்டு. கழற்றும்போது ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக ஒட்டிக்கொள்ளும், சமயத்தில் பழைய பிளாக்கோடேயே போய்விடும். இரண்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் இன்புட் ஷாஃப்ட் நேர்க்கோட்டில் நிற்காது, கிளட்ச் நடுங்கும், பிறகு கியர்பாக்ஸ் பேரிங் போகும். நடுவில் தகரம் போன்ற ஒரு பிளேட் இருந்தால் அதையும் மறக்காதீர்கள். கடைசியில் ஞாபகம் வந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

பழைய கிராங்க்கின் முனையில் பைலட் பேரிங் (இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்குவது) இருந்ததா என்று பாருங்கள். குறுக்குவாட்டு இன்ஜின்களில் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் புது இன்ஜினுக்கும் போட வேண்டும்.

வயரிங், ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), சென்சார்கள், த்ராட்டில் பாடி எல்லாம் உங்கள் வண்டியுடையதே இருக்கட்டும். சாவியின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) அந்த ஈ.சி.யூ.வைத்தான் அறியும். கிராங்க் சென்சார் படிக்கும் பல்வட்டத்தை மட்டும் இரண்டு இன்ஜினிலும் எண்ணி ஒப்பிடுங்கள். ஒரே குடும்பத்து இன்ஜினில்கூட வருடம் மாறினால் பல்லும் மாறும். ஜி.எம். நிறுவனத்தின் எல்.எஸ். வகை இன்ஜின்களில் முந்தியவை 24, பிந்தியவை 58. வெளியிலிருந்து பார்த்தால் பல்லின் வித்தியாசம் தெரியாது, ஸ்டார்ட் மட்டும் ஆகாது.

ஒரு எச்சரிக்கை: உங்கள் பழைய இன்ஜினில் ஆயில் கூலர் இருந்தால் அதைப் புதுசுக்கு மாற்றாதீர்கள். அதன் குழாய்களில் தங்கிய பேரிங் தூளைக் கழுவி முழுக்க எடுக்க முடியாது.

கரி அப்பிய கை:

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். முன்சக்கர டிரைவ் வண்டிகள்ல ஸ்டார்ட்டர் பெரும்பாலும் கியர்பாக்ஸ் கூட்டுலதான் உட்காரும். அதனால மொட்டை இன்ஜின்ல கம்ப்ரஷன் பார்க்கிறது பெரும்பாடு. லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள காத்து கொடுத்து எத்தனை சதவீதம் கசியுதுன்னு பார்க்கிறது) பண்ணுங்க, அதுக்கு ஸ்டார்ட்டரால இன்ஜின் சுத்த வேண்டாம்.

முதல்ல நாலு பிளக்கையும் கழட்டிட்டு கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டு ரெண்டு முழுச் சுத்து, இன்ஜின் சுத்துற திசையிலயே கையால சுத்துங்க. எங்கயாவது டக்குனு நின்னா பலவந்தம் வேண்டாம், டைமிங் தப்பி வால்வு பிஸ்டன்ல இடிக்குதோ என்னவோ. சுலபமா சுத்துச்சுன்னா ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயும் கேமரா விட்டு லைனரை (சிலிண்டர் உட்சுவரை) பாருங்க. துரு, நெடுக்குக் கீறல், பிஸ்டன் தலையில தண்ணிக் கறை இருக்கக் கூடாது.

அப்புறம் ஒரு சிலிண்டரை கம்ப்ரஷன் உச்சியில (வால்வெல்லாம் மூடி, பிஸ்டன் மேல் முனையில இருக்கிற நிலை) நிறுத்தி 7 பார் காத்து கொடுங்க. இங்க கவனம்! 75 மி.மீ. பிஸ்டன் மேல 7 பார்ன்னா கிட்டத்தட்ட 300 கிலோ தள்ளுது. உச்சியில இருந்து துளி விலகியிருந்தாலும் கிராங்க் சட்டுனு சுத்தும். புல்லியில ஸ்பேனரை விட்டுட்டு நிக்காதீங்க, மணிக்கட்டு போயிடும். ஃப்ளெக்ஸ் பிளேட் பல்லுல கம்பி கொடுத்துப் பூட்டிட்டுக் காத்தைத் திறங்க.

10 சதவீதத்துக்குள்ள கசிஞ்சா அருமை. 20 வரைக்கும் பழைய இன்ஜினுக்குப் பரவாயில்லை. 30 தாண்டினா காதை வைங்க. ஆயில் ஊத்துற வாயில சீறினா ரிங், சைலன்சர் பக்கம் சீறினா எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம்னா இன்டேக் வால்வு. கூலன்ட் வழியில தண்ணி ஊத்தி வச்சு அதுல குமிழி வந்தாலோ, பக்கத்துச் சிலிண்டர் பிளக் ஓட்டையில காத்து வந்தாலோ ஹெட் கேஸ்கெட்.

சம்ப்பை (அடியில இருக்கிற ஆயில் தொட்டியை) கழட்டிப் பார்க்காம ஏத்தாதீங்க. அடியில என்ன படிஞ்சிருக்கு, வடிகட்டி அடைச்சிருக்கான்னு பார்த்தா அந்த இன்ஜின் எப்படி ஓடுச்சுன்னு தானா தெரியும்.

நட்டு கழண்டவன்:

மிக்க நன்றி. டெஸ்ட் செய்துவிட்டேன். 1: 7 சதவீதம், 2: 8, 3: 34, 4: 6. மூன்றாவதில் எக்ஸாஸ்ட் துளையிலிருந்து சீறுகிறது. சம்ப் சுத்தம், லைனரிலும் கீறல் இல்லை. வேறு இன்ஜின் தேடவா?

கரி அப்பிய கை:

அவசரப்படாதீங்க. நெடுநாள் கிடந்த இன்ஜின்ல எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுல துருவோ கரியோ ஒட்டியிருக்கும். மூணாவது நிஜமாவே கம்ப்ரஷன் உச்சியிலதான் இருந்துச்சான்னு வால்வு கவரைத் திறந்து கேம் மூக்கைப் பாருங்க. ரெண்டு மூக்கும் வால்வை அழுத்தாம இருக்கணும். டேப்பட் கிளியரன்ஸையும் (வால்வு மூடியிருக்கும்போது அதன் மேல இருக்க வேண்டிய சின்ன இடைவெளி) அளந்துடுங்க. கிளியரன்ஸ் இல்லாம இறுகியிருந்தா வால்வு முழுசா மூடாது, அட்ஜஸ்ட் பண்ணாலே சரியாயிடும். கிளியரன்ஸ் சரியா இருந்தா பிஸ்டனை உச்சியில இருந்து கீழ இறக்கி வச்சுட்டு, வால்வு வாலை மரச்சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி, பிஸ்டனைத் திரும்ப உச்சிக்குக் கொண்டு வந்து மறுபடி காத்து கொடுத்துப் பாருங்க. அப்பவும் 34ன்னா ஹெட்டை இறக்கி வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு உட்கார வைக்கணும். மத்த மூணும் இப்படி இருக்கிற இன்ஜினை விடாதீங்க.

ஃபீலர் கேஜ்:

ஹெட்டை இறக்கினால் மூன்று விஷயம். மட்டக்கோல் வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளங்கள், 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் சீவக் கொடுங்கள். கோணம் சொல்லி முறுக்கும் வகை போல்ட் என்றால் அது ஒருமுறை நீண்டது நீண்டதுதான், புதியதாகப் போடுங்கள். பிளாக்கிலுள்ள போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கி நிற்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது திரவத்துக்குப் போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும்.

டார்க் ரென்ச்:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. இன்ஜின் வெளியே இருக்கும்போது கை எட்டும் இடமெல்லாம் உள்ளே போனபின் எட்டாது. அதனால் பழையது நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள்: பின் கிராங்க் சீல், முன் கிராங்க் சீல், கேம் சீல், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஃப்ளைவீலுக்குப் பின்னால் மறையும் கோர் பிளக் (பிளாக்கின் தண்ணீர்த் துளையை மூடும் தகடு), கிளட்ச் செட் முழுவதும் ரிலீஸ் பேரிங்கோடு. டிரைவ் ஷாஃப்ட் வெளியே வந்திருப்பதால் கியர்பாக்ஸின் இரண்டு பக்க சீலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின் சீலில் பலர் தவறுவது இங்கேதான். ரப்பர் உதடு என்றால் லேசாக ஆயில் தடவிப் போட வேண்டும். டெஃப்லான் உதடு என்றால் உலர்ந்த கிராங்க்கில் உலர்ந்தபடியே போட வேண்டும், ஆயில் பட்டால் கசியும். பழைய சீல் கிராங்க்கில் பள்ளம் போட்டிருந்தால் புதியதை ஒரு மி.மீ. தள்ளி உட்கார வையுங்கள்.

சம்ப்புக்கு சிலிக்கான் 3 மி.மீ. கோடு போதும். பிதுங்கி உள்ளே தொங்குவது என்றாவது அறுந்து ஆயில் வடிகட்டியில் போய் அடைக்கும். அப்புறம் இன்னொரு ராடு பேரிங்.

கிளட்ச் பிளேட்டை நடுக்கோல் வைத்துத்தான் பூட்ட வேண்டும். ஃப்ளைவீல் பக்கம் எது என்று பிளேட்டிலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். கவர் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எட்டு மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர் அளவு, ஆனாலும் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே இறுதி.

கியர்பாக்ஸ் கடைசி ஒரு செ.மீ. வரை கையாலேயே நெருங்க வேண்டும். நெருங்காவிட்டால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள், கியர்பாக்ஸின் போல்ட் காது உடையும். கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை, அல்லது ஸ்ப்ளைன் (இன்புட் ஷாஃப்ட்டின் நெடுக்குப் பற்கள்) பல் மாறி நிற்கிறது. பல் மாறியிருந்தால், ஏதாவது கியரில் போட்டு கிராங்க் புல்லியைச் சற்றுத் திருப்பினால் வழுக்கி உள்ளே போகும்.

தூக்கும் ஹாய்ஸ்டின் கையை நீட்ட நீட்ட அதன் திறன் குறையும் என்பது அதன் கையிலேயே எழுதியிருக்கும், படியுங்கள். மவுண்டிங் போல்ட்டுகளை எல்லாம் தளர்வாகப் போட்டு, ஹாய்ஸ்டை விட்டு, இன்ஜினை முன்னும் பின்னும் ஆட்டிய பிறகே இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஐட்லிங்கில் ஸ்டியரிங் நடுங்கும்.

நட்டு கழண்டவன்:

டேப்பட் இறுக்கம்தான்! மூன்றாவது எக்ஸாஸ்டில் 0.05 மி.மீ. ஃபீலர்கூட நுழையவில்லை. அட்ஜஸ்ட் செய்தபின் 11 சதவீதம். முதல் ஸ்டார்ட்டுக்கு ஏதாவது சொல்லுங்கள்.

டார்க் ரென்ச்:

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையை முதலில் சரிபாருங்கள். அது இல்லாமல் ஸ்டார்ட்டர் அடித்தால் மின்சாரம் கியர் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் சூடாகி உருகும்.

கியர் ஆயில் ஊற்றியாயிற்றா என்று பாருங்கள், டிரைவ் ஷாஃப்ட்டை உருவும்போது இறங்கியிருக்கும். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸையும் காயில் இணைப்புகளையும் கழற்றி, பிளக் இல்லாமல் பத்து பத்து விநாடியாக ஸ்டார்ட்டர் அடியுங்கள். ஆயில் விளக்கு அணையும் வரை பிளக் போட வேண்டாம். பல முறை அடித்தும் அணையாவிட்டால் பம்ப் வறண்டிருக்கிறது. பிரஷர் சுவிட்ச் துளை வழியாக ஆயில் செலுத்துங்கள்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட்டின் காற்றை வெளியேற்றிக்கொண்டே ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐட்லிங்கில் விடுங்கள். வெப்ப மானி ஏறுகிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் காற்று அடைத்திருக்கிறது. உடனே நிறுத்துங்கள்.

500 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கருப்பாக இருக்கலாம், மினுங்கக் கூடாது.