ஒத்திசையா, உடனிகழ்த்தா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தக்கலை, கணினி ஆசிரியை:
வணக்கம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு சின்ன சாகச விளையாட்டைத் தமிழாக்குகிறார்கள். வெள்ளிக்கிழமை கண்காட்சி. எல்லாம் முடிந்தது, ஒரே ஒரு பொத்தானில் மாட்டிக்கொண்டோம்.

இரண்டு கற்கதவுகள். வலது கதவு 4 நொடிக்கு ஒருமுறை திறக்கும், இடது 6 நொடிக்கு ஒருமுறை. திறந்தால் அரை நொடிதான். இரண்டும் சேர்ந்து திறக்கும்போதுதான் ஒளி உள்ளே போய் விளக்கேறும். தொடக்கத்தில் இடது கதவு 1 நொடி பிந்தியிருக்கிறது. பிள்ளைகள் மீச்சிறு பொது மடங்கு போட்டு, 12 நொடியில் சேரும் என்று காத்திருந்தார்கள். சேரவில்லை. வலது எப்போதும் இரட்டைப்படை நொடியில், இடது ஒற்றைப்படையில். விடிய விடிய உட்கார்ந்தாலும் சேராது. இடது நெம்புகோலை 1 நொடி பிடித்து நிறுத்தினால் 8ஆம் நொடியில் சேரும், அப்புறம் 12 நொடிக்கு ஒருமுறை. அந்த நெம்புகோலின் மேல் எழுத ஒரு ஏவல் வினை வேண்டும். எட்டெழுத்துக்கு மேல் இடமில்லை. பிள்ளைகள் ‘சிங்க் பண்ணு’ (sync, ஒரே நேரத்தில் நடக்கச் செய்) என்கிறார்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சிங்க் என்பது பாத்திரம் கழுவும் இடம், டீச்சர். சொல் புதிதாக வேண்டாம். மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்கள் கருவி, கருத்தா, உடனிகழ்வு. ஆகவே ‘உடனிகழ்த்து’. ஏழெழுத்து. சித்திரைப் பௌர்ணமி அன்று குமரிமுனையில் மேற்கே சூரியன் விழ, கிழக்கே நிலா எழுவதைப் பார்க்காதவர் இந்தக் குழுவில் யார்? அதுதான் உடனிகழ்வு.

குளச்சல், நிரலர்:
ஐயா, அந்த நிலாவை யாரும் நெம்புகோல் போட்டுப் பிடித்து நிறுத்தவில்லையே. தானாக அமைவது உடனிகழ்வு. இங்கே விலகிக் கிடப்பதை ஒருவன் கைவைத்துச் சேர்க்கிறான். எங்கள் கடற்கரையில் கரமடி வலையைக் கரைக்கு இழுப்பதைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள், இரண்டு கயிறு. ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் போய்விடும். முந்தினவர்கள் கொஞ்சம் தளர்த்தி, மற்றவர்கள் வரும்வரை நிற்பார்கள். டீச்சரின் நெம்புகோலும் அதைத்தானே செய்கிறது! போனில் ஏற்கெனவே ‘ஒத்திசை’ என்று இருக்கிறது. நாலெழுத்து. பிள்ளைகளுக்கும் பழகிய சொல்.

மார்த்தாண்டம், மொழிபெயர்ப்பாளர்:
இன்னொன்று. உடனிகழ்வைக் காட்டும் ‘ஒடு’ உருபு உயர்ந்ததோடுதான் சேரும் என்பது தொல்காப்பியம். தந்தையொடு மகன் வந்தான். இதில் எந்தக் கதவு தந்தை?

சுசீந்திரம், தவில் குடும்பம்:
ஒத்திசை எனக்கு உறுத்துகிறது. ‘ஒத்து’ என்பது நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியை விடாமல் ஊதும் கருவி. அது சுருதி சேர்வது. கதவுக்கு வேண்டியது தாளம் சேர்வது. ஒரு கையில் ஆதி தாளம், மறு கையில் ரூபக தாளம் போட்டுப் பாருங்கள். எட்டும் ஆறும் 24ஆம் அட்சரம் முடிந்ததும் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும். உங்கள் இடது கதவு தாளத்துக்குப் பிந்தி எடுக்கிறது, அதாவது அனாகத எடுப்பு. அதைச் சமத்துக்குக் கொண்டுவருவதுதான் ஆட்டம். ‘தாளப்படுத்து’ என்று வைக்கலாமே.

நாகர்கோவில்:
அனாகதம் வடசொல். சமமும் அப்படித்தான். அதைவிட, ‘இசை’ என்பதன் மூலப்பொருளே இணக்கம். பாட்டு பிறகு வந்தது என்பது என் துணிபு. பெண் தர இசைந்தார் என்கிறோம், பாடினார் என்றா பொருள்? ஆக இசை என்றாலே போதும், முன்னால் ஒத்து எதற்கு? ஒத்ததை மறுபடி ஒக்கச் செய்வது கூறியது கூறல்.

குளச்சல்:
அப்படியானால் பொத்தானில் வெறும் ‘இசை’ என்று போட்டால் பிள்ளைகள் பாட்டு வரும் என்று காத்திருப்பார்கள், ஐயா.

மார்த்தாண்டம்:
தனித்தமிழில் ஒன்று தருகிறேன், சண்டை வேண்டாம். ஒரே வேளையில் நடக்கச் செய்வது ‘ஒருவேளைப்படுத்து’.

குளச்சல்:
‘ஒருவேளை கதவு திறக்கும்’ என்று குறிப்பு வந்தால் எவன் விளையாடுவான்? ஒன்பது எழுத்து வேறு.

மார்த்தாண்டம்:
சரி, விட்டுவிட்டேன். பேசாமல், தொல்காப்பியத்தைக் கேட்டுச் சரிபார்த்த அதங்கோட்டாசானிடம் அனுப்பலாம். ஊர் இங்கே பக்கத்தில்தானே இருக்கிறது.

சுசீந்திரம்:
அவர் ‘அரில்தபத் தெரிவதற்குள்’ (குற்றமற ஆராய்வதற்குள்) வெள்ளிக்கிழமை போய்விடும்.

தக்கலை:
வியாழன் இரவு பத்து மணி. இதுவரை ஒத்திசை மூன்று, உடனிகழ்த்து ஒன்று, தாளப்படுத்து ஒன்று (மூன்றில் ஒன்று என்னுடையது, தூக்கக் கலக்கத்தில் போட்டது). பொத்தானில் ‘ஒத்திசை’ ஏறிவிட்டது. உதவிக் குறிப்பைப் பிள்ளைகள் அவர்களாகவே எழுதிவிட்டார்கள்: ‘ரெண்டு கதவும் ஒண்ணுபோலத் திறக்கணும்.’ அதை நான் திருத்தவில்லை.

சுசீந்திரம்:
ஒண்ணுபோல! முதலிலேயே சொல்லியிருந்தால் ‘ஒன்றுபடுத்து’ என்று முடித்திருக்கலாமே.

குளச்சல்:
ஏழெழுத்து, அடங்கும். ஆனால் அது சண்டைக்காரரைச் சேர்த்துவைப்பதுபோல இருக்கிறது. வேண்டாம், தூங்குங்கள்.

நாகர்கோவில்:
எனக்கு உடன்பாடில்லை, பதிந்துகொள்ளவும். கண்காட்சிக்கு வருகிறேன் டீச்சர், அந்தக் கோலை நானே பிடித்துப் பார்க்க வேண்டும். நெம்பாத ஒன்றுக்கு ‘நெம்புகோல்’ என்று எப்படிப் பெயர் வைத்தீர்கள் என்பதையும் அங்கே பேசலாம்.